எலிக்கூட்டுக்குள் ஒரு குண்டுமணி!

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படங்களைப் பார்த்தவர்கள் அந்தக் காரை மறந்திருக்க மாட்டார்கள். 2001-ல் வந்த முதல் படத்தில், இரவு நேரத் தெரு ரேஸில் வின் டீசல் ஓட்டி வரும் சிவப்பு நிறக் கார். 'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக வேறொரு வேஷத்தில் வந்ததும் அதே மாடல்தான். பெயர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதிலும் மூன்றாம் தலைமுறை. ரசிகர்கள் செல்லமாக அழைப்பது, 'எஃப்டி'.

வெளியிலிருந்து பார்த்தால் ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் மாதிரி இருக்கும். வளைவுகளில் ஒரு கோடுகூட அதிகம் கிடையாது. ஆனால், பானெட்டைத் திறந்து, இன்ஜின்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கறுப்பு ரப்பர் ட்யூப்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து நெளிந்து கிடக்கும். ஏறத்தாழ 70 ட்யூப்கள். அமெரிக்காவில் இந்த காரை வைத்திருப்பவர்கள் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர், 'எலிக்கூடு'.

இந்தக் காரின் உற்பத்தி 2002 ஆகஸ்டில் நின்றுபோனது. அதாவது, இன்று ஓடும் எஃப்டிகளிலேயே கடைக்குட்டிக்கும் 20 வயது தாண்டிவிட்டது. மனிதனுக்கு 20 வயது இளமை. இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் ரப்பருக்கு அது தள்ளாத முதுமை.

எனவே, பழைய எஃப்டி வாங்கும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. இந்த ட்யூப்களை அப்படியே புதிதாக மாற்றுவதா? பாதியைக் குறைப்பதா? மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுவதா?

பார்க்கச் சின்னக் கேள்வி. பதில் தப்பினால் இன்ஜின் போய்விடும்.

முக்கோணம் சுற்றும் இன்ஜின்

சாதாரண கார் இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ஆர்எக்ஸ்-7-ல் பிஸ்டனே கிடையாது. ஓரங்கள் சற்று உப்பிய முக்கோண வடிவ ரோட்டார், எட்டு எண்ணைப் படுக்கப்போட்டது போன்ற ஓர் அறைக்குள் சுழலும். அதுதான் ரோட்டரி இன்ஜின். இதன் மூலவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, ஹிரோஷிமாவில் இதோடு மல்லுக்கட்டியது மாஸ்டா.

அந்த மல்லுக்கட்டின் மையமே ஒரு சீல்தான். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கும். பெயர் 'அபெக்ஸ் சீல்'. பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இவை செய்யும். ஆரம்ப கால இன்ஜின்களில் இந்தப் பட்டைகள் அதிர்ந்து அதிர்ந்து, அறையின் சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயரிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்து, சீலின் உலோகத்தையே மாற்றி அந்தப் பிசாசை விரட்டினார்கள். 1967-ல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது.

1991 ஜூனில், பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் 787பி ரோட்டரி கார் முதலிடம் பிடித்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அதுவே முதல்முறை. அதே ஆண்டு டிசம்பரில் எஃப்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டார், தலா 654 சிசி. மொத்தமே 1,308 சிசி. ஆனால் சக்தி, 255 ஹார்ஸ்பவர். காரின் எடையோ 1,250 கிலோவை ஒட்டித்தான்.

ஒரு குடும்ப காருக்குரிய சிசியில் இவ்வளவு சக்தி வந்தது டர்போவால். கூடவே வந்தது சூடு. ரோட்டரி இன்ஜினின் புகை, வழக்கமான பெட்ரோல் இன்ஜின் புகையைவிடச் சூடானது. காரை விரட்டும்போது 900 டிகிரி செல்சியஸை எட்டும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் அந்த 70 ரப்பர் ட்யூப்களும் குடியிருக்கின்றன.

இரண்டு டர்போ, ஐந்து கதவு

அது சரி, ஒரு காருக்கு எதற்கு 70 ட்யூப்?

டர்போ என்பது ஒரு காற்றாடி ஜோடி. வெளியேறும் புகை ஒரு காற்றாடியைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் மற்ற காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் வந்தால் பெட்ரோலும் அதிகம் எரியும். சக்தி கூடும். பெரிய டர்போ நிறைய காற்று தரும். ஆனால், சுற்றத் தொடங்கச் சோம்பல்படும். சின்ன டர்போ சட்டென்று எழுந்துகொள்ளும். ஆனால், வேகம் கூடும்போது மூச்சு வாங்கும்.

மாஸ்டா பொறியாளர்கள் இரண்டு சின்ன டர்போக்களை வைத்து, முறை போட்டு வேலை வாங்கினார்கள். மெதுவான சுழற்சியில் ஒன்று மட்டும் உழைக்கும். 4,500 ஆர்பிஎம் வந்ததும் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். முதலாவது 10 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். கைமாறும் நொடியில் 8-க்கு இறங்கும். மறுபடி 10-க்கு ஏறும். எஃப்டி உரிமையாளர்கள் இதை '10-8-10' என்று மந்திரம்போலச் சொல்வார்கள்.

இந்தக் கைமாற்றம் சும்மா நடக்காது. இரண்டாவது டர்போவை முன்கூட்டியே மெல்லச் சுழலவைக்க ஒரு சின்னக் கதவு. அது தயாராகும்வரை அதன் காற்றைத் திருப்பி அனுப்ப ஒரு கதவு. தயாரானதும் அந்தக் காற்றை இன்ஜின் பக்கம் விட ஒரு கதவு. புகையை முழுசாக இரண்டாவது டர்போவுக்குத் திறந்துவிட ஒரு பெரிய கதவு. இவை போக, அழுத்தம் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் கழித்துவிடும் 'வேஸ்ட்கேட்' என்கிற ஐந்தாவது கதவு.

இன்றைய காராக இருந்தால் இந்தக் கதவுகளில் பலவற்றைச் சின்ன மோட்டார்களே திறந்து மூடிவிடும். 1991-ல் அந்த வேலையைச் செய்தது காற்று. ஒவ்வொரு கதவிலும் தகர டப்பா போல ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. ட்யூப் வழியாகக் காற்றை உறிஞ்சினால் சவ்வு ஒரு பக்கம் நகரும். ஊதினால் மறுபக்கம் நகரும். சவ்வோடு சேர்ந்து கதவும் நகரும். எப்போது உறிஞ்சுவது, எப்போது ஊதுவது என்று கம்ப்யூட்டர் உத்தரவு போடும். அந்த உத்தரவை நிறைவேற்ற வரிசையாக சாலினாய்டு வால்வுகள். உறிஞ்சும் சக்தியைச் சேமிக்க ஒரு டப்பா, ஊதும் சக்தியைச் சேமிக்க ஒரு டப்பா. சேமித்தது திரும்பி ஓடாமலிருக்க, ஒருவழிப் பாதை வால்வுகள்.

இத்தனையையும் ஒன்றோடொன்று இணைப்பதுதான் எலிக்கூடு. அலங்கோலமாகத் தெரிந்தாலும், அதில் ஒவ்வொரு ட்யூபுக்கும் ஓர் உத்தியோகம் உண்டு.

ரப்பர் கிழடு தட்டினால்...

குக்கர் கேஸ்கட்டைப் பாருங்கள். வாங்கும்போது மெத்தென்று இருக்கும். கொஞ்ச காலம் போனால் விறைத்துவிடும். பிறகு ஆவி ஓரமாகக் கசியும், விசில் வராது. அடுப்பிலும் தப்பில்லை, குக்கரிலும் தப்பில்லை. தப்பு அந்த ரப்பரில்.

எஃப்டியிலும் இதே கதைதான். சூட்டில் ட்யூபின் முனைகள் முதலில் விறைக்கும். இறுக்கிப் பிடித்திருந்தவை தளரும். பிறகு வெடிப்பு விடும். ஒரு வெடிப்பு போதும், ஒரு கதவு சரியான நேரத்தில் திறக்காது. இரண்டாவது டர்போ வராமலே போகும். அல்லது, 8-க்கு இறங்கிய அழுத்தம் 8-லேயே நிற்கும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்கும். எங்கிருந்தோ 'உஸ்' என்று சத்தம் வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டர்போ வேலை செய்யவில்லை என்றால் டர்போ போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். இரண்டு டர்போக்களையும் இறக்குவது பெரிய வேலை, பெரிய செலவு. எல்லாம் முடிந்து பார்த்தால் கார் பழையபடியே அடம்பிடிக்கும். காரணம், உள்ளே எங்கோ வெடித்துக் கிடக்கும் சின்ன ட்யூபாக இருக்கும். அல்லது, ஒருவழிப் பாதை வால்வு இருவழிப் பாதையாக மாறியிருக்கும்.

அனுபவசாலிகள் அதனால்தான் வேறு வரிசை சொல்கிறார்கள். முதலில் ட்யூப், பிறகு வால்வு, பிறகு டப்பாக்களின் சவ்வு. டர்போவைத் தொடுவது கடைசியில்தான். இதற்குத் தேவைப்படும் கருவியும் பெரிதில்லை. கையால் அமுக்கும் ஒரு வேக்குவம் பம்ப். ட்யூபில் மாட்டி உறிஞ்சி, முள் அப்படியே நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். ஒருவழி வால்வைச் சோதிக்க அதுகூட வேண்டாம். கழற்றித் துடைத்துவிட்டு வாயால் ஊதினாலே தெரியும். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது.

முதல் வழி: அப்படியே புதுசு

மாஸ்டா கொடுத்த அமைப்பை மாற்றாமல், ட்யூப்களை மட்டும் புதிதாக்குவது முதல் வழி. காரின் குணம் துளியும் மாறாது. இதற்குப் பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது சிலிகோன் ட்யூப். ஹோட்டலில் தோசைக்கல்லுக்குப் பயன்படும் பிரஷ்ஷும், வீட்டில் கேக் செய்யும் அச்சும் சிலிகோனில் வருவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான். சூட்டைத் தாங்கும். சாதாரண ரப்பர் 100 டிகிரியைத் தாண்டினால் சீக்கிரம் மூப்படைய ஆரம்பிக்கும். நல்ல சிலிகோன் 180, 200 டிகிரி வரை விறைக்காமல் வளைந்துகொடுக்கும்.

இந்த வேலையில் அவசரப்படுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் சில வழிமுறைகள் உண்டு.

கழற்றுவதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ட்யூபின் இரண்டு முனையிலும் சின்னக் காகிதத்தில் எண் எழுதி ஒட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவ மாட்டார்கள். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் புதியதை வெட்டி, மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள்.

விறைத்துப்போன ட்யூபைப் பிடித்து இழுக்கவே மாட்டார்கள். சாலினாய்டு வால்வுகளின் பிளாஸ்டிக் மூக்குகளும் அதே சூட்டில் வெந்தவை. இழுத்தால் ட்யூபோடு மூக்கும் கையில் வந்துவிடும். ட்யூபை நீளவாக்கில் பிளேடால் மெல்லக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுப்பார்கள்.

ட்யூபின் உள்விட்டமும் முக்கியம். அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டாலும் பிடிப்பு இருக்காது. சுவர் மெலிதாக இருந்தாலும் ஆபத்து. உறிஞ்சும்போது, ஜூஸ் குடிக்கும் காகிதக் குழல் ஒட்டிக்கொள்வதுபோல ட்யூப் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். எனவே, தடித்த சுவருள்ள ட்யூபாகப் பார்த்து வாங்கி, அழுத்தம் வருகிற முனைகளில் சின்ன கிளாம்ப் போடுவார்கள். சிலிகோனுக்கு ஒரு பலவீனம் உண்டு. கூரான முனை பட்டு ஒருமுறை கீறல் விழுந்தால், அது அப்படியே கிழிந்துகொண்டு போகும்.

ட்யூபோடு ட்யூபாக ஒருவழி வால்வுகளையும் மாற்றிவிடுவது வழக்கம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றும் பாடு ஒருமுறை போதும் என்பதுதான் காரணம்.

சிலிகோன் எங்கே கூடாது?

நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் சிலிகோன் ட்யூப் வருவதால், இருக்கிற எல்லா இடத்திலும் அதையே மாட்டத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

பெட்ரோல் போகும் வழியில் சாதாரண சிலிகோன் கூடவே கூடாது. பெட்ரோல் பட்டால் சிலிகோன் ஊறி உப்பும். பெட்ரோல் ஆவி அதன் சுவரை ஊடுருவி வெளியேறும். பக்கத்தில் 900 டிகிரியில் டர்போ. மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலுக்கு, ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் என்று ட்யூபின்மேலேயே அச்சிடப்பட்ட பிரத்யேக ஹோஸ்தான் போட வேண்டும். அதற்குரிய கிளாம்பும், ட்யூபைக் கடித்து அறுக்காத வழவழப்பான உள்விளிம்பு கொண்டதாக இருக்க வேண்டும்.

சூடான ஆயில் போகும் இடத்துக்கும் இதே விதி. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த வேக்குவம் ஹோஸ் இன்னொன்று. எலிக்கூட்டைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் அதில் கை வைப்பது, காரை நிறுத்தும் சக்தியில் கை வைப்பது. அந்த ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் கம்பெனி சொன்னபடியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இரண்டாம் வழி: குறைப்பது

எழுபதையும் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. இருக்கிற ட்யூப்கள் எல்லாமே டர்போவுக்காக வந்தவை கிடையாது. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தவை சில. கடுங்குளிரில் இன்ஜின் சூடேறும்வரை ஆக்சிலரேட்டரை அடக்கிவைப்பதற்காக வந்தது ஒன்று. சூடாக இருக்கும் இன்ஜினை அணைத்து உடனே ஸ்டார்ட் செய்யும்போது, கொஞ்ச நேரம் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு ஒன்று.

இவற்றை எடுத்துவிட்டு, இரட்டை டர்போவின் முறைவைத்த ஓட்டத்தை மட்டும் அப்படியே காப்பாற்றுவது ஒரு நடுவழி. ட்யூப்களின் எண்ணிக்கை சரசரவென்று குறையும். பழுது வந்தால் தேடுவது சுலபம். காரின் குணமும் மாறாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களை எடுத்த காரை எல்லா ஊரிலும் சாலையில் விட மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் புகைப் பரிசோதனைக்குப் போனால், கருவியில் வரும் அளவோடு விட மாட்டார்கள். பானெட்டுக்குள் கம்பெனி கொடுத்த சாமான் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். ஜப்பானில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் 'ஷாக்கென்' பரிசோதனையிலும் புகையை அளப்பார்கள். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள்தான்.

இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள், முறை போடும் ஏற்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். நான்கு கதவுகளையும் நிரந்தரமாகத் திறந்தோ மூடியோ கட்டிவிட்டு, இரண்டு டர்போக்களையும் எப்போதும் சேர்ந்தே சுழலவிடுவார்கள். எலிக்கூடு கிட்டத்தட்ட காலியாகிவிடும். ஆனால், இருக்கிற புகையை இரண்டு டர்போக்கள் பங்குபோட்டுக்கொள்வதால், மெதுவான சுழற்சியில் இரண்டுமே சோம்பும். நகருக்குள், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஓட்டும்போது அந்த மந்தம் தெரியும். இரண்டையும் கழற்றி ஒரே பெரிய டர்போ வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரேஸ் டிராக்கில் லாபம். காலையில் பால் வாங்கப் போகும்போது நஷ்டம்.

எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்ல முடியாது. காரை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கும்.

குண்டுமணி எங்கே?

எந்த வழியில் போனாலும், எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டிய மூன்று இடங்கள் இருக்கின்றன. எலிக்கூட்டில் மிகச் சின்னதாகத் தெரிபவை. இன்ஜினின் உயிரைக் கையில் வைத்திருப்பவையும் இவையே.

முதலாவது, அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் ட்யூப். உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது இது சொல்லும் செய்தியை வைத்துத்தான். ட்யூப் கசிந்தால், 10 பிஎஸ்ஐ இருக்கும்போது குறைவாக இருப்பதாகச் செய்தி போகும். கம்ப்யூட்டர் அதை நம்பி, பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும்.

இரண்டாவது, பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டருக்குப் போகும் ட்யூப். டர்போ காற்றின் அழுத்தம் கூடும்போது, பெட்ரோலின் அழுத்தமும் அதே அளவு கூட வேண்டும். இல்லையென்றால் இன்ஜெக்டரால் காற்றை எதிர்த்துப் பெட்ரோலைத் தெளிக்க முடியாது. இந்த ட்யூப் கழன்றாலும் விளைவு ஒன்றுதான். காற்று நிறைய, பெட்ரோல் குறைய.

மூன்றாவது, குண்டுமணி.

டர்போவிலிருந்து வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் போகும் ட்யூபுக்குள், நடுவில் நூல் துளை போட்ட ஓர் உலோகத் துண்டு செருகியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாது. ரசிகர்கள் இதை 'மாத்திரை' என்பார்கள். டர்போவிலிருந்து வரும் காற்றை அது இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தக் காற்றில் ஒரு பங்கை சாலினாய்டு வால்வு கழித்துவிடும். வரவும் செலவும் சேர்ந்துதான் 10 பிஎஸ்ஐ என்கிற கணக்கு உருவாகிறது.

பழைய ட்யூபைக் கழற்றிக் குப்பையில் போடும்போது, அதற்குள் இருந்த மாத்திரையும் சேர்ந்து போய்விடும். புது ட்யூப் பளபளவென்று இருக்கும். கார் ஸ்டார்ட் ஆகும். ஆனால் வரவு கட்டுக்கடங்காமல் வருவதால், வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்துகொள்ளும். அழுத்தம் 10-ஐத் தொடாது. புது ட்யூப் போட்டும் கார் இழுக்கவில்லையே என்று உரிமையாளர் குழம்புவார். காரணம் தெரியாமல் வேறெங்கோ திருகத் தொடங்குவார்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. மாத்திரையின் நூல் துளையில் தூசியோ, வெட்டிய சிலிகோன் துணுக்கோ அடைத்தால், அல்லது அந்த ட்யூப் கழன்றுகொண்டால், வேஸ்ட்கேட்டுக்குத் தகவலே போகாது. கதவு மூடியே இருக்கும். அழுத்தம் 10-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். கார் அன்றைக்கு வழக்கத்தைவிட உற்சாகமாகப் பாயும். ஓட்டுபவர் முகத்தில் சிரிப்புகூட வரும்.

காற்று கூடி பெட்ரோல் குறைந்தால், எரிய வேண்டியது வெடிக்கும். பிஸ்டன் இன்ஜின் இந்த 'நாக்கிங்'கைக் கொஞ்ச நேரமாவது பொறுத்துக்கொள்ளும். எச்சரிக்கைச் சத்தம் கொடுக்கும். ரோட்டரி இன்ஜினுக்கு அந்தப் பொறுமை இல்லை. எஃப்டியின் அபெக்ஸ் சீல், 2 மில்லிமீட்டர் தடிமன்தான். ஓரிரு வெடிப்பே அதைப் பிளக்கப் போதும். உடைந்த துண்டு அறையின் சுவரைக் கீறிக்கொண்டு புகைவழியாக வெளியேறும். வெளியேறும் வழியில் காத்திருப்பது டர்போவின் காற்றாடி. ஆக இன்ஜினும் போய், டர்போவும் போகும்.

47 பேர் ராப்பகலாக விழித்துக் காப்பாற்றிய சீல், குப்பைக்கூடைக்குப் போன ஒரு குண்டுமணியாலும், கழன்ற ஒரு ட்யூபாலும் உடைவது இப்படித்தான்.

தண்ணீரும் மறக்கக் கூடாது

எலிக்கூட்டைச் சரிசெய்த களைப்பில் பலர் கோட்டைவிடுவது, கூலன்ட் ஹோஸ்களை. ரோட்டரி இன்ஜின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே, உள்ளே தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் வெந்துவிடும். பிறகு கூலன்ட் எரியும் அறைக்குள் கசியும். அதைச் சரிசெய்ய இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எஃப்டியில் கூலன்ட்டிலிருந்து காற்றுக் குமிழ்களைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. சூட்டிலும் அழுத்தத்திலும் அது விரிசல் விடுவது, இந்தக் காரை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். அலுமினியத்தில் ஒன்றைப் பொருத்துவது பலர் முதலில் செய்யும் வேலை. ரேடியேட்டர் ஹோஸ்களுக்குச் சிலிகோன் தாராளமாகப் போடலாம். ஆனால் உள்ளே துணி அடுக்கு வைத்து நெய்ததாக இருக்க வேண்டும். டர்போ காற்றைக் கொண்டுபோகும் பெரிய இணைப்புகளுக்கும் அதே வகைதான். அங்கே சாதாரண கிளாம்பைவிட, போல்ட் வைத்து முறுக்கும் அகலமான கிளாம்ப் நம்பகமானது. 10 பிஎஸ்ஐயில் ஒரு இணைப்பு பிய்த்துக்கொண்டால், கார் நடுச்சாலையில் அப்படியே அடங்கிவிடும்.

இந்தப் பாடுகளை மாஸ்டாவும் அறிந்தே இருக்கிறது. 2020 இறுதியில், பழைய ஆர்எக்ஸ்-7 கார்களுக்கான சில உதிரிபாகங்களை மீண்டும் தயாரித்துத் தர முன்வந்தது அந்த நிறுவனம். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன ஒரு காருக்கு இப்படி அக்கறை கிடைப்பது அபூர்வம்.

நம் வீட்டுக் காருக்கும் உண்டு

ஆர்எக்ஸ்-7 நம் தெருவில் நிற்கப்போவதில்லை. ஆனால், டர்போ இன்று நடுத்தரக் குடும்ப கார்களுக்கே வந்துவிட்டது. டீசல் கார்களில் அது எப்போதோ வந்தாயிற்று. எல்லாவற்றிலும் ரப்பர் ஹோஸ்கள் இருக்கின்றன. எல்லா ரப்பரும் ஒருநாள் விறைக்கும்.

கார் பத்து வயதை நெருங்கினால், அடுத்த சர்வீஸில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸ்களை அமுக்கிப் பார்க்கச் சொல்லலாம். கல் மாதிரி இருந்தால் மாற்ற வேண்டும். பஞ்சு மாதிரி தொளதொளத்திருந்தாலும் மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய ஹோஸைக் கேட்டு வாங்கி, உள்ளே ஏதாவது செருகியிருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பது நல்லது. டர்போ போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால், ஹோஸ் கசிவைச் சோதித்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்கலாம். கேள்விக்குக் காசு கிடையாது.

எஃப்டியை வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கும் அனுபவசாலிகள், எலிக்கூட்டில் கை வைப்பதற்கு முன் வேக்குவம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ட்யூபும் எங்கே தொடங்கி எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார்கள். பிறகுதான் எதை வைப்பது, எதை எடுப்பது என்ற முடிவுக்கு வருகிறார்கள். எழுபதில் நாற்பதை எடுத்தவரின் காரும் ஓடுகிறது. எழுபதையும் புதிதாக்கியவரின் காரும் ஓடுகிறது. பழைய ட்யூபைக் குலுக்கிப் பார்க்காமல் குப்பையில் போட்டவரின் கார்தான் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.